புது மூக்கு

அவர் ஒரு வீட்டுக்கு வந்தால் ஒரு தடவையோடு போக மாட்டார். அடுப்பைப் பார்ப்பார், ரப்பர் குழாயைப் பார்ப்பார், எல்லாம் சரி என்று பையை மூடுவார், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போவார். போய்விட்டார் என்று நாம் வாசல் கதவைச் சாத்தப் போனால், சைக்கிள் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருப்பார். அண்ணாந்து நாலு மூச்சு நன்றாக இழுத்து விடுவார். ஒரு வெற்றிலையை மென்று முடிக்கிற நேரம் ஆகும். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே வந்து, யாரோடும் பேசாமல் நேரே அடுப்படிக்குப் போய்க் குந்தி, தரையோடு முகத்தை வைத்து மோந்து பார்ப்பார்.

"எதை மறந்துட்டுப் போனீக ஆசாரி?" என்று கேட்டால், "மூக்கை மாத்திட்டு வந்தேன்" என்பார்.

காரைக்குடியில் வீடுகளுக்கு கேஸ் அடுப்பு வரத் தொடங்கிய எழுபதுகளில், அதை மாட்டவும் பழுது பார்க்கவும் வந்தவர்களில் அவரும் ஒருவர். பேர் என்னவோ ஒன்று சொன்னார்கள். நாங்கள் ஆசாரி என்றே கூப்பிட்டோம், அது போதுமானதாக இருந்தது. ஒல்லியான ஆள். காக்கிச் சட்டை, முழங்கைவரை மடித்த கை. பைக்குள் ஒரு டப்பாவில் சோப்பு நுரை, ஒரு பழைய பிரஷ், இரண்டு ஸ்பேனர். சட்டைக் காலரில் குத்திய ஒரு ஊக்கு. அந்த ஊக்கால்தான் பர்னர் கண்களைக் குத்தி அடைப்பு எடுப்பார்.

நான் அரியக்குடிக்காரி. செக்காலை ரோட்டை ஒட்டிய ஒரு செட்டியார் வீட்டில் அப்போது சமையல் பார்த்தேன். அந்த அடுப்படிக்கு நான்தான் ராணி. சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. சாமிக்கு வைக்கிற பண்டத்தை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. பாகு பதம் வந்துவிட்டதா, உப்பு ஏறியிருக்கிறதா, நெய் முறுகிவிட்டதா, எல்லாம் நான் மூக்காலேயே சொல்லிவிடுவேன். பின்கட்டில் இருந்துகொண்டே முன்கட்டில் யார் சாம்பிராணி போட்டார்கள், பழசா புதுசா என்பேன். வீட்டு ஆச்சி வருகிறவர்களிடம், "இவ மூக்குக்கு ஒரு மூக்குத்தி பத்தாது" என்று சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவளிடம் வந்து ஒரு மனுசன், மூக்கை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றால் எப்படி இருக்கும்?

முதல் நாளே எங்களுக்குள் சண்டை. மதராஸில் இருந்த ஆச்சியின் மூத்த மகன் ஏற்பாடு செய்து அனுப்பிய அடுப்பு அது. ஆசாரி அதை மேடையில் வைத்தார், சிலிண்டரைக் கீழே நிறுத்தினார், குழாய் நெடுகச் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். பிறகு அடுப்படியைச் சுற்றிப் பார்த்தார். மேலே ஓட்டுக்கூரையில் புகை போக விட்ட திறப்பு இருந்தது. நான் அதைக் காட்டினேன்.

"காத்துக்கு அந்தா இருக்குல்ல. நூறு வருசத்துப் புகை போன வழி."

"புகை மேல போகும்க்கா. இது புகை இல்லை. இது தண்ணி மாதிரி, கீழதான் போகும். கீழ எங்குட்டுப் போகுதுன்னு காட்டுங்க."

கீழே ஒரு வழிதான் இருந்தது. அடுப்படியைக் கழுவினால் தண்ணீர் வெளியேறுவதற்குச் சுவர் ஓரமாகத் தரையோடு விட்ட ஓட்டை. மடை என்போம். எலி வருகிறது என்று அதில் நான் பழந்துணி அடைத்து வைத்திருந்தேன். அவர் துணியை உருவி வெளியே போட்டார்.

"எலி வரும்" என்றேன்.

"வரட்டும். வந்தா அடிங்க. இதை மூடாதீக."

"எலி வந்து சோத்துப் பானையில விழுந்தா நீரா வந்து ஆச்சிக்குப் பதில் சொல்லுவீரு?"

மறுநாள் ஒரு கம்பி வலைத் துண்டைக் கொண்டுவந்து மடைவாயில் அறைந்துவிட்டுப் போனார். எலி வராது, காற்றுப் போகும். அப்புறமும் எனக்கு மனசு ஆறவில்லை. என் அடுப்படியில் எந்த ஓட்டை திறந்திருக்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்வதாவது என்று இருந்தது.

இன்னொரு நாள், பால் காய்ச்சுகிற சட்டியின் அடி கறுக்கிறது என்று ஆச்சி சொல்லி அனுப்பியிருந்தார். நான் தடுத்தேன். தீ நன்றாகத்தான் இருக்கிறது, மஞ்சளாகத் தளதளவென்று எரிகிறது என்றேன். விறகடுப்பிலேயே கண் பழகியவள் வேறு எதைச் சொல்வேன்? அவர் குனிந்து பார்த்தார்.

"மஞ்சளா எரிஞ்சா அதுக்குக் காத்து பத்தலைன்னு அர்த்தம். பாதி வயித்துக்குச் சாப்பிட்டு அழுகுது."

பர்னர் குழாயின் அடியில் ஒரு வளையம் இருக்கும். அதை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். தீ நீலமாக மாறியது. இன்னும் கொஞ்சம் திருகினார். தீ பர்னரை விட்டு எம்பி உஸ் என்று இரைந்தது. "இப்ப சாப்பாடு அதிகமாப் போச்சு" என்று சொல்லி மறுபடி பின்னால் திருகினார். சத்தமே இல்லாமல், அரிசி அரிசியாகப் பிரித்து வைத்த மாதிரி நீலத் தீ நின்றது. அழகாகத்தான் இருந்தது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை.

காப்பி கொடுத்தால் குடிக்க மாட்டார். தம்ளரை மேடையில் வைக்கச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார், வெளியே போவார், மூக்கை மாற்றிக்கொண்டு வருவார், தரையை மோப்பார், அதற்குப் பிறகுதான் காப்பி. அதற்குள் அது ஆறிப் பாலாடை கட்டியிருக்கும். என் காப்பியை ஆறவைத்துக் குடிக்கிறாரே என்று எனக்குப் பொறுக்காது. கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். அவர் தெருவுக்குப் போகிறபோது டிக்காஷனைச் சூடு பண்ணுவேன், திரும்பி வந்து குந்துகிறபோது பாலை விடுவேன். எழுந்திருக்கும்போது தம்ளர் கொதிக்கக் கொதிக்கக் கையில் இருக்கும். "இன்னைக்குத்தான் காப்பி சூடா இருக்கு" என்றார். எத்தனை நாளாகச் சூடாகக் கொடுத்திருக்கிறேன்!

ஊருக்குள் அவரைப் பற்றிக் கதைகள் உண்டு. ஒரு வக்கீல் வீட்டம்மா என்னிடம் கோயிலில் வைத்துச் சொன்னது இது. அவர்கள் வீட்டில் குளிக்க வெந்நீர் போடுகிற செம்புப் பாய்லர் ஒன்று, நடுவில் கரி போட்டு எரிப்பது. முற்றத்தில் இருந்ததை, குளிருகிறது என்று குளிக்கிற அறைக்குள்ளேயே கொண்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்து மாடியிலிருந்து பார்வை விழுகிறது என்று அறையின் ஜன்னலையும் பலகை வைத்து அறைந்துவிட்டார்கள். கேஸ் அடுப்புப் பார்க்க வந்த ஆசாரி, கை கழுவ அந்தப் பக்கம் போனவர், ஒரு செம்பு தண்ணீரைப் பாய்லருக்குள் இருந்த கரியில் ஊற்றிவிட்டார். வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் வீட்டுக் கரியில தண்ணி ஊத்த நீ யாரய்யா?"

"கரி உங்களுதுதான் ஐயா. உள்ள குளிக்கிறது உங்க வீட்டுப் புள்ளைக. ஒன்னு பாய்லரை வெளிய வைங்க, இல்லை பலகையை எடுங்க. அதுக்கப்புறம் நானே பத்த வச்சுத் தாரேன்."

வக்கீல் அவரை வெளியே போகச் சொன்னார். போனார். வெற்றிலை மெல்லுகிற நேரம் கழித்துத் திரும்பி வந்தார். "வெளிய போகச் சொன்னேனே?" என்று வக்கீல் கத்த, "போயிட்டுத்தான் வாரேன்" என்றாராம். அந்த அம்மா இதைச் சொல்லிச் சிரித்து, பிறகு சிரிப்பை நிறுத்தி, "பாய்லர் இப்ப முத்தத்துலதான் இருக்கு" என்றார்.

ஒருநாள் ஆச்சி கேட்டே விட்டார். "ஏன் ஆசாரி, ஒரு தடவை பாத்தா உமக்கே உம்ம மேல நம்பிக்கை வராதா?"

காப்பியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார். அவர் அப்பா நகை ஆசாரி. பட்டறையில் காற்று வந்தால் தங்கத்தூள் பறந்துவிடும், ஊதுகிற தீயும் ஆடும். அதனால் கதவையும் ஜன்னலையும் எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்கள். இவருக்குக் கல்யாணம் ஆன புதுசில் ஒரு மழைநாள், கணப்புச் சட்டியில் கரி போட்டுக்கொண்டு அப்பாவும் மகனும் வேலையாக இருந்திருக்கிறார்கள். இவர் டீ குடிக்க வெளியே போனார். திரும்பி வந்து கதவைத் திறந்தால் நெஞ்சை அடைக்கிறது. அப்பா பட்டறைப் பலகைமேல் தலையைச் சாய்த்துக் கிடக்கிறார்.

"வெளிய தூக்கிட்டு வந்து போட்டேன். பொழச்சுக்கிட்டாக. ஆனா ஆச்சி, நான் போறப்பவும் உள்ள அதே புகைதான். ரெண்டு பேரும் அதுக்குள்ளதான் மணிக்கணக்கா இருந்தோம். எனக்கு ஒன்னும் தெரியல. வெளிய போயிட்டு வந்தவனுக்குத்தான் தெரிஞ்சுச்சு."

நான், "எல்லார் மூக்கும் ஒன்னா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, "உள்ள இருந்தா எல்லாம் ஒன்னுதான்க்கா" என்றார்.

அந்த வருஷம் பிள்ளையார் நோன்பு வந்தது. செட்டியார் வீடுகளில் அது பெரிய நாள். கார்த்திகைக்குப் பிறகு இருபத்தோரு நாள், புதுத் துணியிலிருந்து நாளுக்கு ஒரு நூலாக எடுத்துத் திரி சேர்ப்பார்கள். நோன்பன்று அந்தத் திரியை வெல்லமும் நெய்யும் போட்டுப் பிசைந்த மாவில் வைத்து ஏற்றி, எரிகிற தீயோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். இழை எடுப்பது என்று பெயர். வீட்டில் மூத்தவர்கள் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஆச்சியின் இளைய மகன், சின்னவர் என்போம், மறுநாளுக்கு மறுநாள் கப்பல் ஏறிப் பினாங்கு போவதாக இருந்தது. போனால் நாலைந்து வருஷம் ஆகும். அம்மா கையால் இழை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது ஆச்சிக்கு உயிர். நல்ல நேரம் அன்று சாயங்காலம் ஏழு மணியோடு முடிகிறது.

விடாத மழை. விறகெல்லாம் நனைந்து கிடந்ததால், நோன்புப் பலகாரத்தை கேஸ் அடுப்பிலேயே செய்ய ஆச்சி சம்மதித்தார். காலையில் ஆசாரி வந்து புது சிலிண்டர் மாட்டினார், பார்த்தார், போனார், திரும்பி வந்து மோந்தார், காப்பி குடித்தார். புது சிலிண்டர் மாட்டுகிற நாளில் சாயங்காலமும் ஒரு நடை வருவது அவர் வழக்கம்.

பலகாரம் எல்லாம் மூன்று மணிக்கு முடிந்துவிட்டது. அடுப்பை அணைத்தேன். சிலிண்டர் தலையில் இருக்கிற திருகை மூடவில்லை. கோலம் போடுவதற்கு அடுப்படியைக் கழுவ வேண்டும் என்று சிலிண்டரை இழுத்து ஓரமாக நகர்த்தினேன். மழைக்குத் தவளை உள்ளே வந்தது. வலை ஒரு பக்கம் பெயர்ந்திருந்தது. நான் ஒரு சாக்கை மடித்து மடையில் நன்றாகத் திணித்தேன். சாரல் அடிக்கிறது என்று ஜன்னலையும் சாத்தினேன். பிறகு உட்கார்ந்து இழைக்கு மாவு பிசைந்தேன். தலை லேசாக வலித்தது. காலையிலிருந்து பட்டினிதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுப்படிக்கும் சாமி அறைக்கும் நடுவில் கதவில்லை, வெறும் வாசல்தான். சாமி அறை ஒரு சாண் பள்ளம். ஆறரை மணிக்கு ஆச்சி அங்கே பிள்ளையார் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். இருட்டிக்கொண்டு வந்ததால் சின்னவர் விளக்குப் போட சுவிச்சிடம் போனார்.

"சுவிச்சைத் தொடாதீக!"

முற்றத்தைச் சுற்றிய வளவின் வாசலில் நனைந்துபோய் ஆசாரி நின்றார். அவர் குரலை உயர்த்தி அதுவரை நான் கேட்டதில்லை. சின்னவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஆச்சி, அந்தப் பெட்டியைக் கீழ வச்சிட்டு வெளிய வாங்க. எல்லாரும் வாங்க."

"இன்னைக்கு நோன்பு ஆசாரி. அடுப்பை நாளைக்கு வந்து பாரும்" என்றார் ஆச்சி.

"நாளைக்குப் பாக்க வீடு இருக்கணும் ஆச்சி. வாடை இங்கன வரைக்கும் அடிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. "வாடையா? நான் மத்தியானத்துல இருந்து இங்கனதான் உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாம என் அடுப்படியில வாடையா?"

"அதுதான்க்கா. அங்கனயே உக்காந்திருக்கீக. முத்தத்துக்குப் போங்க. நாலு மூச்சு இழுத்துட்டு வந்து, அப்புறம் என்னைய வைங்க."

நான் எழுந்திருக்கவில்லை. ஆச்சி என்னைப் பார்த்தார். "போயிட்டுத்தான் வாடி" என்றார். மாவுக் கையோடு முற்றத்தில் போய் நின்றேன். தூறல் முகத்தில் விழுந்தது. வீம்புக்கு நாலு மூச்சு, எண்ணிக்கொண்டே இழுத்தேன். திரும்பி வந்து சாமி அறை வாசலைத் தாண்டக் காலைத் தூக்கினேன்.

அழுகிய முட்டைக்கோசைக் கொண்டுவந்து மூஞ்சியில் அப்பியது போல அடித்தது. அதற்குள்தான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, ஏலக்காய் தூக்கலாக இருக்கிறதா என்று மோந்துகொண்டிருந்தேன்.

அவர் அதற்குள் இருட்டில் தடவிக்கொண்டு உள்ளே போய்த் திருகை மூடியிருந்தார். நான் இழுத்த இழுப்பில் ரப்பர் குழாய் அடுப்பு முனையிலிருந்து பாதி நழுவித் தொங்கியது. சிலிண்டரைத் தூக்கிக் கொல்லையில் வைத்தார். கதவு ஜன்னல் எல்லாம் திறந்தார். பிறகு சுவரோரம் குந்தி, மடையில் கையை விட்டுச் சாக்கை உருவினார். சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொல்லைப் பக்கம் வீசினார்.

"இது தானா போகாது, தள்ளணும். வீட்டுல எத்தனை சொளகு இருக்கு?"

அரிசி புடைக்கிற சொளகு மூன்று இருந்தன. ஒன்றை அவர் எடுத்தார், ஒன்றைப் பினாங்கு போகிற சின்னவர் எடுத்தார், ஒன்றை நான் எடுத்தேன். மூவரும் தரையோடு குனிந்து, சாமி அறையிலிருந்து அடுப்படிக்கும், அடுப்படியிலிருந்து மடைக்குமாக வீசினோம். கண்ணுக்குத் தெரியாத தண்ணீரை இறைப்பது போல இருந்தது. ஆச்சி முற்றத்து ஓரத்தில் நின்று கடிகாரத்தையே பார்த்தார்.

அவர் தெருவுக்குப் போய்வந்து மோந்தார். "இன்னும் இருக்கு."

வீசினோம். மறுபடி போய்வந்தார். "மூலையில நிக்குது."

"ஆறே முக்கால் ஆகுது ஆசாரி" என்றார் ஆச்சி. அந்தக் குரலில் அதட்டல் இல்லை. "பிள்ளையாரை நான் எடம் மாத்த மாட்டேன். என் புள்ளை இழை எடுக்காமக் கப்பல் ஏறுனா எனக்கு மனசு தாங்காது."

"எடுப்பாக ஆச்சி. கொஞ்சம் பொறுங்க."

மூன்றாவது முறை அவர் வெளியே போனபோது ஆச்சிக்குக் கோபம் திரும்பியது. "மடையில சாக்கு இருந்துச்சாமே. பாத்திரம் கழுவுறவ வேலைதான் இது. நாளைக்கு வரட்டும், அவளை வாசல்ல வச்சே அனுப்புறேன்."

ஆசாரி உள்ளே வந்துகொண்டிருந்தார், இது அவர் காதில் விழுந்தது. அவர் நேரே மூலைக்குப் போய்க் குந்தி மோந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. எனக்கு அவர் பார்த்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அவ இல்லை ஆச்சி" என்றேன். "சாக்கை வச்சது நான். சிலிண்டரை இழுத்ததும் நான். திருகை மூடாம விட்டதும் நான்தான்."

சின்னவர் சொளகை நிறுத்தினார். ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வீட்டில் நான் செய்த தப்பு என்று ஒன்றை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பன்னெண்டு வருசமா மூக்கைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டு இருந்தே" என்றார் ஆச்சி. "உண்மையைச் சொல்ல வாயும் இருக்கு போல. சரி, நேரமாகுது. வா."

ஆசாரி மூலையிலிருந்து எழுந்து, "போயிருச்சு" என்றார். எல்லோரும் சாமி அறையில் உட்கார்ந்தோம். ஆச்சி தீப்பெட்டியை எடுத்தார். இரண்டு முறை பெட்டியில் வைத்தார், உரசவில்லை. பிறகு பெட்டியை என் பக்கம் நீட்டினார்.

"எனக்குக் கை வரல. நீ உரசு."

வாங்கிக்கொண்டேன். குச்சியை எடுத்தேன். மூச்சை இழுத்துப் பார்த்தேன். நெய், வெல்லம், ஏலக்காய், ஈரத் தரை. அவ்வளவுதான் தெரிந்தது. ஆனால் நான் மறுபடியும் உள்ளே வந்து உட்கார்ந்து வெகு நேரம் ஆகிவிட்டிருந்தது.

"ஆசாரி, உரசலாமா?"

வாசல்படியில் நின்ற அவர் முற்றத்துக்குப் போய் நாலு மூச்சு இழுத்துவிட்டு வந்து, படியிலேயே குந்தி மோந்தார். ஆச்சியைப் பார்த்தார், சின்னவரைப் பார்த்தார், ஒவ்வொருவராகப் பார்த்து முடித்தார். பிறகு உள்ளே வந்து என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"உரசுங்கக்கா."

உரசினேன். திரி பற்றி நிமிர்ந்து நின்றது. ஆச்சி இழையை எடுத்து நீட்ட, சின்னவர் கண்ணை மூடிக்கொண்டு தீயோடு அதை வாயில் வாங்கினார். வாயை மூடினார். அன்றைக்கு அந்த வீட்டில் எரிந்தது அவ்வளவுதான்.